செங்குத்தான காட்டுச் சாலையில் கிராவல் சைக்கிள்: முதல்முறை ஏறுபவர்களுக்கு

முதல்முறை கிராவல் சைக்கிளில் (சரளை, மண் சாலைகளுக்கான அகல டயர் சைக்கிள்) ஒரு மலைக்காட்டுச் சாலையில் ஏறியபோது, தார்ச்சாலையில் பழகியதையே அங்கேயும் செய்தேன். மேடு செங்குத்தானதும் சீட்டை விட்டு எழுந்து பெடலை ஓங்கி மிதித்தேன். பின்சக்கரம் ‘சர்ர்’ என்று நின்ற இடத்திலேயே சுற்றியது. அடுத்த நொடி நான் ஓரத்துப் புதரில் கிடந்தேன். காலில் பலம் இல்லாமல் இல்லை. டயர் தரையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரளைச் சாலையில் எல்லாமே இந்தப் பிடிமானத்தைப் பொறுத்தது. ஏறும்போது பின்சக்கரத்தின் பிடி, இறங்கும்போது முன்சக்கரத்தின் பிடி. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

1. பாதையைப் பார்த்து வையுங்கள்

ஏறும் உயரத்தை ஓடும் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சாய்வு வந்துவிடும். 5 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏறினால் 6 சதவீதம். ஆனால் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். 6 சதவீதச் சாலைக்குள் 14 சதவீதத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். வரைபடத்தில் உயரக்கோடுகள் எங்கே நெருங்கி நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் செங்குத்து. காட்டுச் சாலை பலவற்றில் நுழைய அனுமதி வேண்டும், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் தடவைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம் தாராளம்.

2. காற்றைக் குறையுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டயர் கல்லாக இருந்தால் வேகம் வரும் என்ற எண்ணம். சரளையில் அது தலைகீழ். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் பட்டுத் துள்ளும், துள்ளும் நேரத்தில் பிடி இல்லை. கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கி உட்காரும்.

70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். முன்டயரில் இரண்டு குறைவாக. சற்று தூரம் ஓட்டிவிட்டு, இரண்டிரண்டாக இறக்கிப் பாருங்கள். கல்லில் ரிம் ‘டங்’ என்று இடித்தால் அளவு தாண்டிவிட்டது, மூன்று ஏற்றுங்கள். உள்ளே டியூப் இருந்தால் நாலைந்து கூடுதலாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அளவு சொல்கிற வித்தை எனக்கு இன்றுவரை கைவரவில்லை, அளவுமானி வாங்கிவிடுங்கள்.

3. கியர் போதுமா?

பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்கள், முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். உதாரணமாக முன்னே 40, பின்னே 42. இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நடையைவிடச் சற்றே வேகம். சிரிப்பாக இருக்கும், ஆனால் 10 சதவீத மேட்டில் அதுவே கடினமான உழைப்பு.

4. ஏறுவது

மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி மேட்டில் முழு பலத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கறகறவென்று கத்தும், சில சமயம் அறுந்தே போகும்.

அப்புறம், சீட்டிலேயே உட்காருங்கள். எழுந்து நின்றால் உடல் எடை முன்னே போய்ப் பின்சக்கரம் லேசாகிவிடும், உடனே வழுக்கும். அதற்காகப் பின்னால் சாய்ந்தாலோ முன்சக்கரம் தூக்கிக்கொண்டு அலையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. சீட்டின் மூக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். கைப்பிடியை மேலே இழுக்காமல், உங்கள் பக்கமாக லேசாக இழுங்கள். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் இடுப்பை இரண்டு விரற்கடை பின்னே தள்ளுங்கள், முன்சக்கரம் தூக்கினால் முன்னே. ஏற்றம் முழுக்க இந்தச் சின்ன நகர்த்தல்தான் வேலை.

மிதியும் சீராக இருக்க வேண்டும். மெதுவாக, ஓங்கி ஓங்கி மிதித்தால் ஒவ்வொரு மிதியும் டயருக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டில்தான் கல் பெயர்கிறது. இத்தாலியின் கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே கணவாய் 2,178 மீட்டர் உயரம். அதன் ஏற்றத்தில் கடைசிச் சுமார் எட்டு கிலோமீட்டர் மண்சாலைதான். 2018இல் ஜீரோ தித்தாலியா என்ற இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் அங்கே சீட்டில் உட்கார்ந்தபடி, லேசான கியரை வேகமாகச் சுழற்றித்தான் மற்றவர்களைப் பிரிந்து போனார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருந்தது!

எந்தத் தடத்தில் போவது? வண்டிச் சக்கரங்கள் அழுத்திய இரண்டு கோடுகளில் ஒன்றில். நடுமேட்டிலும் ஓரத்திலும் உதிரிக்கல் குவிந்திருக்கும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் மிகச் செங்குத்து. எதிரே வண்டி வரவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள்.

நின்றுவிட்டால் என்ன? எல்லோரும் நிற்பார்கள். மறுபடி கிளம்புவதுதான் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றிக் கியரை லேசாக்குங்கள். சைக்கிளைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டால் சாய்வு குறையும். பிரேக்கைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, மிதிக்கப்போகும் பெடலை முன்பக்கம் சற்று மேலே, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் வையுங்கள். பிரேக்கை விடுவதும் மிதிப்பதும் ஒரே நேரத்தில். இரண்டு சுற்று உருண்டதும் மேலே திருப்புங்கள். வீட்டுப்பக்கம் ஏதாவது சரிவில் பத்து முறை பழகிவிட்டே போங்கள்.

5. உச்சியில்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வியர்வையோடு இறங்கினால் விரல் விறைத்துவிடும், விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் கையுறையும் உச்சியில்தான் போட வேண்டும். சக்கர அச்சு இறுக்கமாக இருக்கிறதா, பிரேக் பிடியை அழுத்தினால் அது கைப்பிடியைத் தொடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

6. இறங்குவது

வளைந்த கைப்பிடியாக இருந்தால் கீழ் வளைவைப் பிடியுங்கள். பிரேக்கின் நுனி விரலுக்கு எட்டும், குறைந்த பலத்தில் நன்றாகப் பிடிக்கும். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், இடுப்பு சீட்டுக்கு ஒரு விரல் மேலே. முழங்கால், முழங்கை இரண்டும் தளர்வாக இருக்கட்டும்.

வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான பகுதியிலேயே குறைத்து முடியுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். பள்ளத்தை முறைத்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். பின்சக்கரம் சறுக்கினால் பதறாமல் பிரேக்கை விடுங்கள், நேராகிவிடும். வளைவில் முன்சக்கரம் சறுக்கினால் யோசிக்க நேரம் இருக்காது.

பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்காதீர்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாகச் சேர்கிறது. பிடித்து, விட்டு, பிடித்து இறங்குங்கள். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ஆற விடுங்கள். நின்றதும் டிஸ்க்கை (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) தொட்டுப் பார்க்காதீர்கள். ஆர்வத்தில் நான் தொட்டேன், விரல் நுனியில் ஒரு வாரம் கொப்புளம்.

பையில் என்ன? மாற்று டியூப் (டியூப்லெஸ் ஆனாலும்), பம்ப், டயர் கழற்றும் பிடி, கைக்கருவி, செயின் இணைப்பு, தண்ணீர், சாப்பிட ஏதாவது, விளக்கு. மரநிழலில் இருட்டு சீக்கிரம் வரும். சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வீடு வந்ததும் டயரில் கல் குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். செயினில் ஒட்டிய தூசியைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள், மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். டிஸ்க்கில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் அடுத்த இறக்கத்தில் பிரேக் கத்தும், பிடிக்காது.