பன்னிரண்டு நாணயங்களும் ஒரு தராசும்: எடைப் புதிர்களைத் தீர்க்கும் முறை

தர்க்கப் புதிர்களில் எடைப் புதிர்களுக்குத் தனியிடம் உண்டு. இரட்டைத் தட்டுத் தராசும், பார்வைக்கு ஒரே மாதிரியான சில நாணயங்களும் இருந்தால் போதும். சொல்விளையாட்டோ மறைபொருளோ இவற்றில் கிடையாது. ஆயினும் பலர் விடையைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, நாணயங்களின் எண்ணிக்கை சற்று மாறியதும் திகைத்து நிற்கிறார்கள். மனப்பாடம் தேவைப்படாத வழி ஒன்று உண்டு. ஒரு நாணயத்தையேனும் தட்டில் வைப்பதற்கு முன், எத்தனை சாத்தியங்கள் இருக்கின்றன, தராசு எத்தனை விதமாகப் பதில் சொல்ல முடியும் என்ற இரண்டையும் எண்ணிவிட வேண்டும். மற்றவை யாவும் இந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

எளிய புதிரில் தொடங்குவோம். ஒன்பது நாணயங்களில் ஒன்று போலி. அது மற்றவற்றைவிட எடை குறைந்தது என்பது முன்பே தெரியும். எடைக்கற்கள் இல்லாமல், தராசை இரண்டே முறை பயன்படுத்திப் போலியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் கை வைத்தவுடன் நாணயங்களை இரண்டு பாதிகளாகப் பிரிக்கிறார்கள்: இந்தத் தட்டில் நான்கு, அந்தத் தட்டில் நான்கு, வெளியே ஒன்று. தட்டு ஏறிவிட்டால் நான்கு நாணயங்கள் மிஞ்சும். எஞ்சியிருக்கும் ஒரே நிறுவையில் நான்கைப் பிரித்தறிய முடியாது. தராசுக்கு இரண்டு பதில்களே உண்டு என்று மனம் எண்ணிக்கொள்வதே இந்தத் தடுமாற்றத்திற்குக் காரணம். இடப்பக்கம் தாழலாம், வலப்பக்கம் தாழலாம், இரண்டும் சமமாக நிற்கலாம் என மூன்று பதில்கள் உள்ளன. சமமாக நிற்பதும் ஒரு செய்தியே.

ஆகவே மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்று நாணயங்களை இடத்தட்டிலும் மூன்றை வலத்தட்டிலும் வைத்து, மூன்றை வெளியே விடுங்கள். எந்தத் தட்டு மேலே ஏறுகிறதோ அதில் போலி இருக்கிறது. சமமானால் வெளியே இருக்கும் மூன்றில் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றுடன் வைத்துப் பார்த்தால் முடிந்தது. ஒரு நிறுவைக்கு 3 பதில்கள், இரண்டு நிறுவைகளுக்கு 3 × 3 = 9, மூன்றுக்கு 27. போலியின் எடை குறைவு என்று தெரிந்திருந்தால், மூன்று நிறுவைகளில் 27 நாணயங்கள் வரை சமாளிக்கலாம். 28ஐ எவராலும் உறுதியாகச் சமாளிக்க முடியாது.

இனி இத்துறையின் தலைசிறந்த புதிர். பன்னிரண்டு நாணயங்களில் ஒன்று போலி. ஆனால் அது கனமானதா இலேசானதா என்பது தெரியாது. மூன்று நிறுவைகளில் போலியையும் கண்டுபிடித்து, அதன் தன்மையையும் சொல்ல வேண்டும். இது இரண்டாம் உலகப்போரின் காலத்தில் பெரிதும் பரவிய புதிர். பின்னாளில் இயற்பியலில் புகழ்பெற்ற ஃப்ரீமன் டைசன், 1946இல் ‘மேத்தமெட்டிக்கல் கெசட்’ இதழில் இதற்கான பொதுத் தீர்வை வெளியிட்டார்.

முதலில் எண்ணுவோம். பன்னிரண்டில் எந்த நாணயமும் போலியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் கனமாகவோ இலேசாகவோ இருக்கலாம். ஆக மொத்தம் 24 சாத்தியங்கள். மூன்று நிறுவைகளுக்கு 27 பதில்கள். இடம் இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலாக இருக்கிறது. முதல் நிறுவைக்குப் பின் இரண்டு நிறுவைகளே மிஞ்சும் என்பதால், எந்தப் பதில் வந்தாலும் 9 சாத்தியங்களுக்கு மேல் எஞ்சக்கூடாது. மூன்றுக்கு மூன்று வைத்தால், சமமாகும்போது வெளியே ஆறு நாணயங்கள், அதாவது 12 சாத்தியங்கள் எஞ்சும், அது மிகை. ஐந்துக்கு ஐந்து வைத்தால், தட்டு சாயும்போது 10 சாத்தியங்கள், அதுவும் மிகை. நான்குக்கு நான்கு வைத்தால் மட்டுமே எந்தப் பக்கம் பார்த்தாலும் 8 எஞ்சுகிறது. ஊகம் எதுவுமின்றி முதல் படி தானாகவே முடிவாகிவிடும் இந்த இடமே, என் மதிப்பில், புதிரின் மிக அழகிய பகுதி.

நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை எண்ணிடுங்கள். 1, 2, 3, 4 இடத்தட்டில். 5, 6, 7, 8 வலத்தட்டில். சமமாக நின்றால் இந்த எட்டும் நல்லவை. போலி 9 முதல் 12க்குள் இருக்கிறது. இப்போது 9, 10, 11 மூன்றையும் நல்லவை என்று உறுதியான 1, 2, 3க்கு எதிரே வையுங்கள். மீண்டும் சமமானால் 12தான் போலி. அதை ஒரு நல்ல நாணயத்துடன் வைத்து, கனமா இலேசா என்று அறியலாம். 9, 10, 11 இருக்கும் தட்டு தாழ்ந்தால் அம்மூன்றில் ஒன்று கனமானது. ஏறினால் ஒன்று இலேசானது. கடைசி நிறுவையில் 9ஐ 10க்கு எதிரே வைத்தால் எது என்று தெரிந்துவிடும், சமமானால் 11.

முதல் நிறுவையிலேயே தட்டு சாய்ந்துவிட்டால்தான் பலரும் வழி தவறுகிறார்கள். இடத்தட்டு தாழ்ந்தது என்று கொள்வோம். வலத்தட்டு தாழ்ந்தால் கனம், இலேசு என்ற சொற்களையும், தாழ்வது, ஏறுவது என்ற சொற்களையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஒன்று 1 முதல் 4 வரையுள்ள நாணயங்களில் ஒன்று கனமானது, அல்லது 5 முதல் 8 வரையுள்ளவற்றில் ஒன்று இலேசானது. இந்த எட்டுச் சாத்தியங்களை மூன்று, மூன்று, இரண்டு என்று பகுக்க வேண்டும். அதற்கான உத்தி, சில நாணயங்களைத் தட்டு மாற்றுவதும், சிலவற்றை வெளியே எடுப்பதும், நல்ல நாணயம் ஒன்றைத் துணைக்கு வைப்பதும் ஆகும். இடத்தட்டில் 1, 2, 5 வையுங்கள். வலத்தட்டில் 3, 6, 9 வையுங்கள். இதில் 9 நல்லது. இடத்தட்டு தாழ்ந்தால் 1 கனம், 2 கனம், 6 இலேசு என்ற மூன்றில் ஒன்று; 1ஐ 2க்கு எதிரே வைத்தால் தாழ்வது போலி, சமமானால் 6. வலத்தட்டு தாழ்ந்தால், இடம் மாறிய 3 கனமானது, அல்லது 5 இலேசானது; 3ஐ ஒரு நல்ல நாணயத்துடன் வைத்தால் தெரிந்துவிடும். சமமாக நின்றால் வெளியே எடுத்த 4 கனமானது, அல்லது 7, 8 இரண்டில் ஒன்று இலேசானது. 7ஐ 8க்கு எதிரே வைத்தால் ஏறுவது போலி, சமமானால் 4.

இதைப் படித்த பிறகு, பன்னிரண்டு காசுகளில் தாள் ஒட்டி எண்ணிட்டு மேசையின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவைக்குப் பின்னும் எஞ்சிய சாத்தியங்களை ‘4 கனம், 7 இலேசு’ என்று தாளில் எழுதிக்கொள்வது இன்றியமையாதது; தலைக்குள்ளேயே வைத்திருக்க முயல்வதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

பதின்மூன்று நாணயங்களாக இருந்தால் என்ன? 26 சாத்தியங்கள், 27 பதில்கள். முடியும் போலத் தோன்றும். ஆனால் நான்குக்கு நான்கு வைத்துச் சமமானால் வெளியே 10 சாத்தியங்கள், ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தாலும் 10. எனவே முடியாது. நல்ல நாணயம் என்று உறுதியான பதினான்காவது ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் முடியும்: ஐந்தை ஒரு தட்டிலும், நான்குடன் அந்த நல்லதை மறு தட்டிலும் வைத்தால், சாயும்போது 9, சமமாகும்போது 8.

தராசு மாறினால் எண்ணிக்கையும் மாறும். பத்துப் பைகளில் நாணயங்கள் உள்ளன. ஒரு நாணயம் 10 கிராம். ஒரே ஒரு பையில் மட்டும் எல்லா நாணயங்களும் 9 கிராம் உடையவை. மின்னணுத் தராசில் ஒரே முறை எடை போட்டு அந்தப் பையைச் சொல்ல வேண்டும். இந்தத் தராசு எண்ணையே காட்டுவதால் அதன் பதில்கள் மூன்றோடு நிற்பதில்லை. முதல் பையிலிருந்து 1, இரண்டாவதிலிருந்து 2 என்று பத்தாவதிலிருந்து 10 வரை எடுத்தால் மொத்தம் 55 நாணயங்கள். எல்லாம் நல்லவையானால் 550 கிராம். 543 காட்டினால் குறை 7, ஆகவே ஏழாவது பை.

இதே மூன்று என்ற எண் எடைக்கற்களிலும் வெளிப்படுகிறது. 1 முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்க நான்கு கற்களே போதும்: 1, 3, 9, 27. இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி 1202இல் எழுதிய ‘லீபர் அபாச்சி’ நூலிலேயே இது இருக்கிறது. கடையில் கற்களை ஒரு தட்டில் மட்டும் வைப்பதே வழக்கம்; இங்கே பொருளின் பக்கத்திலும் வைக்கலாம். 14 கிலோவுக்கு, பொருளோடு 9, 3, 1 மூன்றையும் சேர்த்து எதிரே 27 வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் இடத்தட்டு, வலத்தட்டு, வெளியே என்று மூன்று நிலைகள். நான்கு கற்களுக்கு 81. யாவும் வெளியே இருப்பதைத் தள்ளினால் 80. இடம், வலம் மாற்றுவது அதே எடையைத் தருவதால் பாதி, 40.

தொடர்ந்து முயல விரும்புவோர் 39 நாணயங்களையும் நான்கு நிறுவைகளையும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நிறுவையில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வையுங்கள்; எந்தப் பதில் வந்தாலும் எஞ்சுவது 26 சாத்தியங்கள், கையிலிருப்பது 27 பதில்கள். சமமாக நின்றால், மேலே சொன்ன பதின்மூன்று நாணயப் புதிரே திரும்ப வருகிறது. அதற்குத் தேவையான நல்ல நாணயமும் இப்போது தட்டுகளிலேயே இருக்கிறது.