ஊருக்குப் போகும் ஆஸ்துமாக்காரருக்கு: தடுப்புப் பம்பை விடாமல் பாவிப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஓகஸ்டில் போகிறவர்களானாலும் சரி, டிசெம்பர் விடுமுறைக்குப் போகிறவர்களானாலும் சரி, ஆஸ்துமா இருந்தால் பலருக்கு ஒரே கதைதான். இறங்கிய முதல் வாரம் நெஞ்சு நன்றாக இருக்கும். குளிர் இல்லை, வேலை இல்லை, நல்ல நித்திரை. "ஊர்க்காற்றுப் பட்டதும் முட்டெல்லாம் பறந்திட்டுது" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். காலையும் இரவும் இழுக்க வேண்டிய பம்ப் சூட்கேஸிலேயே கிடக்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒரு நள்ளிரவு, நெஞ்சு இறுகி, வாகனம் தேடி ஓடவேண்டி வரும்.

இதற்குக் காரணம் அந்தப் பம்ப் வேலை செய்யும் விதம். தடுப்புப் பம்பில், அதாவது செரடைட், சிம்பிகோர்ட், ஃபோஸ்டேர், ரெல்வார் போன்ற கூட்டு மருந்துகளில், இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. மற்றது குழாயை நெடுநேரம் விரித்து வைக்கும் மருந்து. ஸ்டீராய்டின் பலன் நாட்கணக்கில் மெல்ல ஏறுகிறது. நிறுத்தினாலும் அப்படியே மெல்லத்தான் இறங்குகிறது. நிறுத்திய அடுத்த நாள் ஒன்றும் தெரியாததால் "இனித் தேவையில்லை" என்று மனம் முடிவுகட்டிவிடும். முதல் வாரம் நெஞ்சு நன்றாக இருந்ததற்கு நீங்கள் புறப்படும்வரை ஒழுங்காக இழுத்த பம்பும் ஒரு காரணம். ஊர்க்காற்றுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

"பம்ப் பழகினால் விடமுடியாது" என்ற பேச்சும் காதில் விழும். குறைந்த அளவுப் பம்ப் ஒரு தடவைக்குக் கொடுப்பது 100, 200 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு, அதுவும் பெரும்பாலும் நுரையீரலில்தான் வேலை செய்யும். முட்டு முற்றி வைத்தியசாலைக்குப் போனால் தரும் பிரெட்னிசொலோன் குளிசை நாளுக்கு 40 மில்லிகிராம் வரை இருக்கும், அது உடம்பு முழுக்கப் போகும். ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை விடுகிறவர்தான் கடைசியில் கூடிய ஸ்டீராய்டு எடுக்கிறார்.

எத்தனை, எங்கே வைத்து

நாளுக்கு நான்கு இழுப்பு என்றால் 120 இழுப்புள்ள பம்ப் சரியாக 30 நாளுக்கு வரும். 60 தடவைக்குப் பொடி மருந்துள்ள அக்குஹேலர் கருவியும் காலை ஒன்று இரவு ஒன்று என்றால் அதே 30 நாள்தான். ஆறு வாரம் நிற்கப் போகிறவர் ஒன்றோடு போனால் பாதியில் மாட்டுவார். இரண்டு கொண்டுபோங்கள். மீட்புப் பம்பும் (முட்டு வந்தால் உடனே ஆற இழுப்பது) அப்படியே இரண்டு, ஒன்று எப்போதும் உடம்போடு.

எல்லாம் கைப்பையில்தான் போகவேண்டும். சூட்கேஸ் தொலைந்தால் பம்பும் தொலையும். மருந்துச் சீட்டின் பிரதி ஒன்றும், கைபேசியில் பெட்டியின் படமும் இருக்கட்டும். படத்தில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் தெளிவாகத் தெரியவேண்டும். ஏனென்று கீழே சொல்கிறேன்.

நேர வித்தியாசத்தில் குழம்பவேண்டாம். இறங்கிய இடத்தின் காலையும் இரவும் என்று மாறிவிடுங்கள். விமானத்தில் ஒன்று தவறியதென்று இரட்டிப்பாக இழுக்கவேண்டாம். பல் தீட்டுவதற்குச் சற்று முன் இழுத்தால், வாய் கொப்பளித்துத் துப்புவதும் தானாகவே நடந்துவிடும். கொப்பளிக்காமல் விட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், குரல் கரகரக்கும்.

வெப்பத்தைக் கவனியுங்கள். சில பம்புகளின் பெட்டியில் 25 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம் என்றும், சிலவற்றில் 30 என்றும் போட்டிருக்கும். யாழ்ப்பாணத்து ஓகஸ்டில் அறைக்குள்ளேயே அது தாண்டிவிடும். போகுமுன் உங்கள் பார்மசியில் கேட்டு, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். அழுத்த வாயு உள்ள பம்ப் 50 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடும். பொடி வகைக்கு ஈரம்தான் எதிரி. குளியலறையில் வைக்காதீர்கள், கருவிக்குள் ஊதாதீர்கள், மூடியை உடனே இறுக்குங்கள்.

அங்கே வாங்க நேர்ந்தால்

இலங்கைப் பார்மசிகளில் இந்தியத் தயாரிப்புகள் தாராளம், தமிழ்நாட்டில் சொல்லவே வேண்டாம். செரடைட்டுக்கு நிகராக செரோஃப்ளோ, சிம்பிகோர்ட்டுக்கு நிகராக ஃபோராகோர்ட், மீட்புப் பம்பான வென்டொலினுக்கு நிகராக அஸ்தலின் கிடைக்கும். மருந்து நல்லதுதான். தவறு நடப்பது அளவிலும் கருவியிலும்.

ஒரு உதாரணம். அக்குஹேலர் 250 பாவிப்பவர் ஒரு தடவைக்கு ஒரே இழுப்புத்தான் எடுப்பார்: 250 மைக்ரோகிராம் ஃப்ளூட்டிகாசோன் (ஸ்டீராய்டு), 50 மைக்ரோகிராம் சல்மெட்டரோல் (குழாயை விரிப்பது). அதற்குப் பதிலாக 250 என்று போட்ட அழுத்தப் பம்பைக் கொடுத்தால், அதில் ஒரு இழுப்பில் 250 ஃப்ளூட்டிகாசோனும் 25 சல்மெட்டரோலும் இருக்கும், வழக்கமாக ஒரு தடவைக்கு இரண்டு இழுப்பு. ஆகவே ஸ்டீராய்டு இரட்டிப்பாகிவிடும். பெட்டியில் ஒரே எண்தான் இருக்கும், ஆனால் மருந்து ஒரே அளவு அல்ல. மறுபக்கம், அமெரிக்காவில் சிம்பிகோர்ட் 160/4.5 என்றும் பிரித்தானியாவில் 200/6 என்றும் எழுதியிருப்பது ஒரே அளவுதான். ஒன்று கருவியை விட்டு வெளியே வருவதைக் கணக்கிடுகிறது, மற்றது கருவி அளந்தெடுப்பதை. அமெரிக்காவிலிருந்து போகிறவர் மீட்பு மருந்தை அல்பியூட்டெரோல் என்று கேட்டால் சிலருக்குப் புரியாது. சல்பியூட்டமோல் என்று கேளுங்கள்.

இன்னொன்று ரோட்டாகாப்ஸ். பார்க்க விழுங்கும் குளிசை மாதிரியே இருக்கும். விழுங்கக்கூடாது. அதற்கென உள்ள கருவியில் போட்டு உடைத்து, உள்ளிருக்கும் பொடியை இழுக்கவேண்டும். இழுக்கும் முறையும் மாறும்: பொடியென்றால் ஒரே மூச்சில் வேகமாக, பலமாக, அழுத்தப் பம்பென்றால் குலுக்கி, அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக. இரண்டிலும் பத்து விநாடி மூச்சை அடக்குங்கள். பழைய பழக்கத்தில் பொடியை மெதுவாக இழுத்தால் மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். நிறத்தை நம்பியும் எடுக்கவேண்டாம், நாட்டுக்கு நாடு நிறம் மாறும். 2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும், ஆகையால் வாங்கலாம்தானே என்று வெறுங்கையோடு போகாதீர்கள்.

எது தடுக்க, எது மீட்க

சல்மெட்டரோல் கலந்த பம்ப் உடனே வேலை செய்யாது. மூச்சு முட்டும்போது அதைத் திரும்பத் திரும்ப இழுத்தால் முட்டுக் குறையாமல் நெஞ்சுதான் படபடக்கும். அதைப் பாவிப்பவர்களுக்கு சல்பியூட்டமோல் பம்ப் கட்டாயம் வேண்டும். ஃபோர்மொட்டரோல் கலந்தது சில நிமிடத்திலேயே குழாயை விரிக்கும். அதனால்தான் சிலருக்கு வைத்தியர் ஒரே பம்பைத் தடுப்புக்கும் மீட்புக்கும் எழுதிக்கொடுக்கிறார், 'மார்ட்' முறை என்பார்கள். நீங்கள் எந்தக் கூட்டம் என்று புறப்படுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். சல்பியூட்டமோலை மட்டும் நம்பி நாளைக் கடத்துவதை உலக ஆஸ்துமா வழிகாட்டலான ஜினா 2019இலிருந்தே வேண்டாமென்கிறது.

ஊரில் எது கிளப்பிவிடும்

முதல் எதிரி நுளம்புத்திரி. மூடிய அறைக்குள் இரவு முழுக்க அந்தப் புகைக்குள் படுப்பதைவிட வலை ஆயிரம் மடங்கு மேல். அடுத்தது, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. தூசி தட்டும் நாளில் நீங்கள் அங்கே நிற்கவேண்டாம். பழைய மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் வெயிலில் காயட்டும், அல்லது புதிது வாங்குங்கள். விறகடுப்பு, மிளகாய் வறுக்கும் நேரம், வளவில் சருகு எரிப்பது, சம்பிராணி, திருவிழாக் கூட்டத்து மண்தூசி இவையெல்லாம் தெரிந்தவைதான். ஜனவரியில் சென்னையில் நிற்பவர்கள் போகி விடியலில் யன்னலைச் சாத்திவிடுங்கள். மாரி காலத்தில் ஈரச்சுவரும் தடிமனும் சேர்ந்து கிளப்பும்.

அதிகம் பேசப்படாதது வேறு மருந்துகள். உடம்பு நோவென்றால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் சுலபமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அவற்றால் முட்டுக் கடுமையாக வரும். பனடோல் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. தலையிடிக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் புரொப்ரனோலோல் ஆஸ்துமாவுக்கு ஆகாது. வெக்கையில் படர்தாமரை வந்து இட்ராகோனசோல் குளிசை தந்தால், பம்ப் பாவிப்பதைச் சொல்லுங்கள். பம்பிலுள்ள ஸ்டீராய்டுகளான ஃப்ளூட்டிகாசோனும் புடெசொனைடும் உடைபடாமல் அது தடுத்து, ஸ்டீராய்டை உடம்பில் தேக்கிவிடும்.

கைமீறினால்

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், அல்லது மீட்புப் பம்பின் பலன் நான்கு மணித்தியாலம் தாங்காவிட்டால், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் குழாய்) இருந்தால் அதனூடாக, சல்பியூட்டமோல் ஒவ்வொன்றாக 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை, பத்து வரை. மார்ட் முறைக்காரர் தங்கள் பம்பையே ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு வரை. இலங்கையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழ்நாட்டில் 108. அரச வைத்தியசாலைகளில் ஒட்சிசனும் நெபுலைசரும் உண்டு, அவசரத்தில் தனியார் மருத்துவமனை தேடி ஊரைச் சுற்றவேண்டியதில்லை. நெபுலைசர் பிடித்ததும் சுகம் வந்துவிடும், ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். வைத்தியர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

புறப்படும் நாளில் "மிச்சப் பம்பை எனக்குத் தந்திட்டுப் போ" என்று மாமாவோ சித்தியோ கேட்பார்கள். மறுப்பது சங்கடம்தான். அவர்களுக்கு இருப்பது ஆஸ்துமாவா, இருதய வருத்தமா என்று நமக்குத் தெரியாது; பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவதே சரி. அங்கே பிரெட்னிசொலோன் எடுத்திருந்தால், அந்த மருந்துத் துண்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து, திரும்பிய வாரமே உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்.