வார்டு மாற நினைக்கும் நர்சுகளுக்கு

பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் ஜெனரல் வார்டில் இருந்துகொண்டு ஐசியு, டயாலிசிஸ் என்று மாற ஆசைப்படுகிறவர்கள் உடனே வேலையை விட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரி தேடாதீர்கள், முதலில் இருக்கிற இடத்திலேயே நர்சிங் சூப்பிரண்டிடம் கேட்டு அந்த யூனிட்டில் ட்யூட்டி வாங்கப் பாருங்கள். புது இடத்தில் பெரும்பாலும் பழைய அனுபவம் உள்ள வார்டில்தான் போடுவார்கள்.

அப்புறம் அனுபவச் சான்றிதழ். வெறுமனே ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த யூனிட், எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தீர்களா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எல்லாம் லெட்டர்ஹெட்டில் சீலோடு இருக்கட்டும். வளைகுடா வேலைக்குப் போனால் ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள், தேதி பிசகினால் இழுத்துக்கொண்டே போகும். திருவனந்தபுரம் பக்கம்தானே என்று கிளம்புகிறவர்களும் அங்குள்ள நர்சிங் கவுன்சில் பதிவை முதலில் விசாரித்துவிடுங்கள்.