நீளமான முடியில் நுனி வெடிப்பு: வெட்டும் முறையும் தடுக்கும் முறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வெடித்த நுனி மறுபடி ஒட்டாது. சீரம், கிரீம், எண்ணெய் எதைத் தடவினாலும் பிளந்த இரண்டு இழைகளும் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் பிரிந்துவிடும். தோலுக்கு வெளியே இருக்கும் முடியில் உயிரணு இல்லை. அதனால் காயம் ஆறுவது போல அது ஆறுவதில்லை. செய்ய முடிந்தவை இரண்டுதான்: வெடித்ததைச் சரியாக வெட்டுவது, மிச்சத்தை வெடிக்கவிடாமல் காப்பது.

ஏன் நுனியில் மட்டும் வெடிக்கிறது? முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். அப்படியானால் 60 செ.மீ. முடியின் நுனிக்கு வயது 5 ஆண்டு. வாரம் இரண்டு முறை குளித்திருந்தாலே 500 தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கும். சீப்பு பட்டதற்குக் கணக்கே இல்லை. முடியின் மேல்புறம் ஓடு வேய்ந்தது போல நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. ஒரு முடியை விரல்களுக்கு இடையில் பிடித்து நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். மாற்றி இழுத்தால் வழுக்கும். செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருப்பதுதான் காரணம். அவை தேய்ந்து உதிர்ந்ததும் உள்ளிருக்கும் நார்கள் வெளியே வந்து பிரிகின்றன. அதுதான் வெடிப்பு.

படி 1: கண்டுபிடித்தல்

எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த முடியில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈர முடி ஒட்டிக்கொள்வதால் வெடிப்பு மறைந்துவிடும். கறுப்பு முடி என்றால் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். கவட்டை போல இரண்டாகப் பிரிந்தது எளிதில் தெரியும். இறகு போலப் பல கிளைகளாகப் பிரிந்ததும் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது வெள்ளைப் புள்ளி: முடியின் நடுவில் கடுகை விடச் சின்னதாக, வெளுத்த முடிச்சு போல ஒன்று தெரியும். அந்த இடத்தில் நார்கள் ஏற்கெனவே நைந்துவிட்டன, அடுத்த முறை சீவும்போது அங்கேயே ஒடியும். அதையும் வெட்ட வேண்டிய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வெட்டுதல்

முடி வெட்டுவதற்கென்று இருக்கும் கத்தரிக்கோல் வேண்டும். அதைக் காகிதத்துக்கோ துணிக்கோ எடுக்காதீர்கள். மழுங்கிய கத்தி முடியை நறுக்காது, நசுக்கும். நசுங்கிய நுனி சில வாரங்களிலேயே மறுபடி வெடிக்கும்.

பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து, கயிறு திரிப்பது போல இறுக்காமல் முறுக்குங்கள். வெடித்த முடிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டுங்கள். துருத்துவது எல்லாமே வெடித்ததல்ல, புதிதாக வளரும் குட்டை முடியும் அப்படித்தான் நிற்கும். நுனியைப் பார்க்காமல் வெட்டினால் நல்ல முடி போய்விடும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பிளவு முடிகிற இடத்திலேயே வெட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதற்கு மேலும் ஓடியிருக்கும். 1 செ.மீ. மேலே தள்ளி, முடிக்குக் குறுக்காக நேராக வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் கூரான மெல்லிய முனை மிஞ்சும், அது சீக்கிரமே நைந்துபோகும். வெடித்ததை இரு பக்கமும் பிடித்துக் கிழிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அரை செ.மீ. பிளவு ஒரே இழுப்பில் 5 செ.மீ. ஆகிவிடும்.

ஒரு கற்றையில் பாதிக்கு மேல் வெடித்திருந்தால் இந்த முறை போதாது. மொத்தமாக 2 அல்லது 3 செ.மீ. சமமாக ட்ரிம் செய்துவிடுங்கள்.

படி 3: குளிக்கும் நாள்

குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் நுனியிலிருந்து ஒரு சாண் வரைக்கும் 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது முடிக்குள் ஊடுருவி, தண்ணீர் உறிஞ்சி உப்புவதைக் குறைக்கும். நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்குவது ஒவ்வொரு முறையும் செதில்களைத் தளர்த்துகிறது.

ஷாம்புவை உச்சந்தலையில் மட்டும் போட்டுத் தேயுங்கள். முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். கண்டிஷனரை நேர்மாறாக, காதுக்குக் கீழே மட்டும் போடுங்கள். இடுப்பு வரை முடி என்றால் 1 முதல் 2 மேசைக்கரண்டி ஆகும். 3 நிமிடம் விட்டு அலசுங்கள். கண்டிஷனரைத் தவிர்ப்பவர்களுக்குச் சிக்கு அதிகம், சிக்கு அதிகமானால் வெடிப்பும் அதிகம்.

படி 4: உலர்த்துதலும் சிக்கெடுத்தலும்

துண்டால் தேய்த்துத் துவட்டாதீர்கள். பழைய பருத்தித் துணியால் பொத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஈர முடி ரப்பர் போல இழுபடும், அளவுக்கு மீறினால் அறுந்துவிடும். அதனால் முக்கால்வாசி காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி 10 செ.மீ. சிக்கு போனதும் கொஞ்சம் மேலே, பிறகு அதற்கும் மேலே. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே திரண்டு முடிச்சாகும். அதைப் பிய்க்கும்போது போவது நுனிதான்.

ஸ்ட்ரெயிட்னரை ஈர முடியில் வைக்கவே கூடாது. ‘சுர்’ரென்று சத்தம் கேட்டால் முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகி உள்ளேயே குமிழ் விடுகிறது என்று அர்த்தம். அந்த இடம் பிறகு ஒடியும். காய்ந்த முடிக்கும் 180 டிகிரிக்குக் கீழே, ஒரு கற்றைக்கு ஒரு இழுப்பு போதும்.

இரவில் தளர்வாகப் பின்னி, துணி சுற்றிய பேண்ட் போடுங்கள். வெறும் ரப்பர் பேண்ட் போட்ட இடத்தில் முடி அறுபடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது?

மாதம் ஒருமுறை படி 1, 2. அதற்கு மேல் 3 மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. ட்ரிம். 3 மாதத்தில் 3 செ.மீ. வளர்ந்து 1 செ.மீ. போனாலும் 2 செ.மீ. கையில் நிற்கும். ‘வளரவே மாட்டேங்குது’ என்று சொல்பவர்களில் பலருக்கு வேரில் வளர்ச்சி சரியாகவே இருக்கிறது. வளர்கிற அளவுக்கே நுனியில் ஒடிகிறது, அவ்வளவுதான். ஆனால் நுனியை விட்டுவிட்டு வேர்ப்பக்கமே ஒடிந்தாலோ, வட்ட வட்டமாக முடி இல்லாமல் போனாலோ அது நுனி வெடிப்பு அல்ல. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.