டெக்கரேஷன் அட்வான்ஸ் திரும்பி வந்த கதை

தங்கச்சி கல்யாணத்தைக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாற்றியதால், மேடை அலங்காரக்காரரிடம் இரண்டு மாதம் முன்னாடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொடுத்த அட்வான்ஸ் 25,000. "பூவுக்கு ஆர்டர் போட்டாச்சு சார், பணம் வராது" என்றார். ரசீதின் அடியிலும் எறும்பு சைஸ் எழுத்தில் அதேதான். கார்னேஷன் பூவை இங்கேயே பசுமைக்குடிலில் வெட்டி ஓரிரு நாளில் மேடை ஏற்றிவிடுகிறார்கள், இரண்டு மாதம் முன்னாடி என்ன ஆர்டர்?

சண்டை போடவில்லை. "இதுவரை ஆன செலவுக்கு பில் அனுப்புங்கண்ணே, கழித்துக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் இல்லை. அப்புறம்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், ரத்து செய்த மெசேஜ் மூன்றின் நகலையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டேன். 1872 ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பிடிக்க முடியாது, 15 நாளில் தராவிட்டால் ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன். (5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.)

பன்னிரண்டாம் நாள் போன். "எதுக்கு சார் இதெல்லாம்?" 3,000 பிடித்துக்கொண்டு 22,000 அனுப்பினார். அந்த மூவாயிரத்துக்கும் பில் கேட்டிருப்பேன், தங்கச்சிதான் "போதும்ண்ணா" என்றுவிட்டாள்.