டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்போம்: உப்புக்காற்றில் உழைப்பவர்களுக்கு ஒரு தோல் பராமரிப்பு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் போன மாதம் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து, மேசையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். கடலுக்குள் பாறை கிழிக்காமல் இருப்பதற்காகச் சுற்றும் துணியின் தடம் விரல்களில் வெளுத்துக் கிடந்தது; புறங்கை முழுவதும் கறுத்து, செதில் செதிலாக வறண்டு வெடித்திருந்தது. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறிய டியூபை எடுத்து நீட்டி, "இதைத் தேய்ச்சதுல மூஞ்சி வெளுத்துருச்சு தம்பி, கைக்கும் போடலாமா?" என்று கேட்டார். டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மொமெட்டாசோன் (ஸ்டீராய்டு), ஹைட்ரோகுவினோன் (நிறமியைக் குறைப்பது), ட்ரெட்டினாயின் (ரெட்டினால் வகை) என்று மூன்று மருந்துகளின் பெயர்கள் இருந்தன. மூன்றும் மருத்துவர் சீட்டில்லாமல் யாரும் தொடக்கூடாதவை. அவருடைய கைக்குத் தேவைப்பட்டதோ மிக எளிய, விலை குறைந்த இரண்டு பொருள்கள்தான். முன்பக்கத்துப் படத்தை நம்பாமல் பின்பக்கத்துப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால், இந்த வேறுபாட்டை வாங்குகிறவரே கண்டுகொள்ள முடியும்.

முதலில், தோல் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனையோலை வேய்ந்த கூரையைப் போல, தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அவற்றின் இடைவெளிகளைச் செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அடைத்து நிற்கின்றன. இந்த அடைப்பு சரியாக இருக்கும்வரை உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது, வெளியிலுள்ள கிருமி உள்ளே நுழையாது. ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மை பி.எச். அளவில் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சோப்பு 9 முதல் 10 வரை செல்லும் காரத்தன்மை கொண்டது. நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரிலுள்ள உப்புகளோடு அந்தச் சோப்பு சேரும்போது நுரை வராமல் பிசுக்காகத் திரிந்து தோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கடலிலிருந்து ஏறியதும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைத்தால், அதில் உப்பைக் கழுவிவிடுவதுதான் முதல் வேலை. சோப்பு தேவைப்படுகிற இடத்துக்கு மட்டும் போதும்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். எது அதிக அளவில் இருக்கிறதோ அது முதலில் வரும் என்பதுதான் பட்டியலின் விதி. ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதலில் 'அக்வா' என்றிருந்தால் அது தண்ணீர். முதல் ஐந்தாறு பெயர்களில்தான் அந்த க்ரீமின் உண்மையான குணம் இருக்கிறது. டப்பாவின் முன்னால் பெரிதாகப் படம் போட்ட குங்குமப்பூவோ சந்தனமோ பட்டியலின் கடைசி வரியில், வாசனைப் பொருளுக்கும் பிறகு நின்றால், அது பெயருக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

வறட்சிக்கான பொருள்களில் கிளிசரினை நான் முதலிடத்தில் வைப்பேன். அது தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும் பொருள். விலையும் மிகக் குறைவு. ஹையலூரோனிக் அமிலமும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் பல மடங்கு விலையில் செய்கிறது. யூரியா 10 சதவீதம் வரை ஈரத்தைக் காக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கும் என்பதால், பித்தவெடிப்புக்கும் வாலிநோக்கம் உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவர்களின் குதிகாலுக்கும் அது ஏற்றது. ஆனால் இழுத்துப் பிடித்த ஈரத்தை மூடி வைக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பெட்ரோலியம் ஜெல்லியை விஞ்சும் பொருள் இல்லை. பட்டியலில் அதன் பெயர் பெட்ரோலேட்டம். டைமெத்திகோன் என்ற சிலிக்கோனும் தேங்காய் எண்ணெயும் அதைவிடச் சற்று லேசாக மூடும். குளித்துத் துடைத்தவுடன், தோல் இன்னும் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் அல்லது யூரியா உள்ள க்ரீமைத் தடவி, வெடித்த இடத்தில் மட்டும் அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகப் பூச வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் பாதிப் பலன் போய்விடும். அந்த அக்காவின் கைக்கு நான் சொன்னதும் இதுதான். முகத்தில் பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்துக்குத் தடவாமல் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் வேர்க்குரு உள்ள இடத்திலும் கனத்த பூச்சு வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பட்டியலில் அகார், ஆல்ஜினேட், கராஜீனன் என்று பெயர்கள் வந்தால், அவை க்ரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பவை. நம் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி என்று சொல்வதிலிருந்து அகாரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும், மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கராஜீனனும் எடுக்கப்படுகின்றன. அவை தோலை மாற்றிவிடுவதில்லை என்றாலும், தன் கை வெடிக்கப் பாசி எடுக்கிறவர் அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கரையில் தோலைக் கறுக்க வைப்பதும் சுருங்க வைப்பதும் வெயில். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 பாகையில் இருக்கும் நமக்கு, ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில் உட்கார்ந்தாலும் உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதப் புற ஊதாக் கதிரையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன. ஆகவே ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது வெயிலைத் தடுக்கும் பூச்சான சன்ஸ்கிரீனாக இருக்கட்டும். எஸ்.பி.எஃப். என்ற எண், தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கான அளவு: 30 என்றால் ஏறக்குறைய 97 சதவீதம், 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். கருமையையும் சுருக்கத்தையும் தரும் யுவிஏ என்ற இன்னொரு வகைக் கதிருக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும். மூன்று அல்லது நான்கு இருப்பது நல்லது. பெரும்பாலோர் பூசும் அளவு போதுவதில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினால் வருவதே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். தண்ணீரில் நிற்பவர்கள் '80 நிமிடம் நீர் தாங்கும்' என்று குறிப்பிட்டதை வாங்கலாம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வெயில் தடுப்பு ரசாயனங்களில் ஏதேனும் ஒன்று உள்ள சன்ஸ்கிரீன்களைப் பவளப்பாறைகளின் நலன் கருதி ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்கத் தடை செய்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப்பாறைகள் இருப்பதால், கடலில் இறங்குபவர்களுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளதையே நான் எடுத்துத் தருகிறேன். அது மாநிறத் தோலில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். அதற்காக அளவைக் குறைக்க வேண்டாம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கும் நம் பெண்களின் வழக்கம் எந்த சன்ஸ்கிரீனுக்கும் குறைந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

கன்னத்தில் படரும் மங்குக்கும் வெயில் கருமைக்கும் வைட்டமின் பி3 வகையான நயாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் போதும். அது நிறமி மேலடுக்குக்கு ஏறுவதைக் குறைப்பதோடு செராமைடு உருவாகவும் உதவுகிறது. மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமேற்றிய சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது. வைட்டமின் சி நல்லதுதான், ஆனால் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் பழுப்பேறிக் கெட்டுவிடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் போவது மட்டும் கூடவே கூடாது. வெயில் பட்டால் கொப்புளமும், ஆறிய பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்தடமும் வரும்.

பருவுக்கு, எண்ணெயில் கரைந்து துவாரத்துக்குள் இறங்கும் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை போதுமானது. பென்சாயில் பெராக்சைடு பருக் கிருமியைக் கொல்லும், தலையணை உறையையும் வெளுக்க வைக்கும். ரெட்டினால் செல்கள் புதுப்பிப்பதை வேகப்படுத்துவதால் இரவில் மட்டும், பட்டாணி அளவு பூச வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் அதைத் தொடக்கூடாது.

எதை வாங்கினாலும் முழங்கையின் உள்மடிப்பில் காலை மாலை இருவேளையும் ஒரு வாரம் பூசிப் பார்த்து, அரிப்போ சிவப்போ வராவிட்டால் முகத்துக்குக் கொண்டு போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியாமலே போய்விடும்.

இனி அந்த டியூப். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகியவை ஸ்டீராய்டுகள், அதாவது அழற்சியை அடக்கும் மருந்துகள். முதல் சில வாரங்களில் முகம் வெளுத்து வழவழப்பாகத் தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்த ரத்தக்குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும், படர்தாமரை பரவும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் வெள்ளையாக்கும் க்ரீம்களில் இன்னொரு ஆபத்து உண்டு: பாதரசம். 'கலோமெல்', 'மெர்குரி' என்ற சொற்கள் இருந்தாலோ, உட்பொருள் பட்டியலே இல்லாவிட்டாலோ பயன்படுத்தக்கூடாது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பூசியது முகத்தில்தான், ஆனால் அந்த நஞ்சு தோல் வழியாக உடலுக்குள் போகிறது.

ஸ்டீராய்டு டியூபை மாதக்கணக்கில் பூசியவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. முகம் தீப்பட்டதுபோல் எரிந்து சிவக்கும், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே பூசத் தோன்றும். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய், எத்தனை மாதமாகப் பூசுகிறோம் என்பதை மறைக்காமல் சொன்னால், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.