பார்வையாளர் போக்கைத் தீர்மானிக்கும் குறும்படம்: நிறைவளிக்கும்படி எழுதுவது எப்படி?

பார்ப்பவரே கதையின் போக்கை முடிவு செய்யும் திரைப்படைப்பு நிறைவான பொழுதுபோக்குதானா என்ற கேள்விக்கு, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ‘இல்லை’ என்று விடை சொல்லிவிட்டதாகத் தோன்றலாம். 2018 டிசம்பர் 28 அன்று ‘பேண்டர்ஸ்நாட்ச்’ படத்தை வெளியிட்டு உலகின் கவனத்தை ஈர்த்த அந்நிறுவனம், 2024 டிசம்பரில் இவ்வகைப் படைப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. ஆயினும் இவ்வடிவத்தில் பெரும் இன்பம் ஒளிந்திருப்பதாகவே நான் உறுதியாக நம்புகிறேன். எந்த இடத்தில் பார்வையாளரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்பதைப் பொறுத்தே அது கிட்டும். இத்தகைய குறும்படம் ஒன்றை எழுத விரும்புவோர்க்காக இந்த வழிமுறைகளைத் தருகிறேன்.

முதலில் கணக்கைப் போடுங்கள். ஐந்து இடங்களில் இரண்டிரண்டு வழிகள் பிரிந்து, அவை எங்கும் மீண்டும் சேராவிட்டால், 32 முடிவுகளும் 63 பகுதிகளும் தேவைப்படும். ஒரு பகுதி மூன்று நிமிடம் என்றால், பார்வையாளர் ஒருமுறை காணப்போகும் 18 நிமிடங்களுக்காக நீங்கள் 189 நிமிடங்களைப் படமாக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னும் வழிகள் ஒன்றுசேர்ந்துவிட்டால் 11 பகுதிகளே போதும். ஆனால் எதைத் தேர்ந்தாலும் ஒன்றே நடக்கிறது என்பது தெரிந்தவுடன் பார்ப்பவர் ஏமாற்றமடைவார். ஆகவே நிகழ்ச்சிகளை ஒன்றுசேர விடுங்கள். தேர்வின் தடயத்தை மட்டும் அழிய விடாதீர்கள். நாயகன் அண்ணனிடம் பொய் சொல்லும்படி பார்வையாளர் தேர்ந்திருந்தால், இரு வழிகளும் ஒரே திருமண வீட்டில் வந்து சேரலாம், ஆனால் அங்கே அண்ணன் அவனோடு பேசும் முறை மாறியிருக்க வேண்டும். ஒரே காட்சியில் இரண்டு வசனங்களை மாற்றி எடுப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அடுத்தது, எல்லாவற்றிலும் கடினமானது: எதைக் கேட்பது? ‘பேண்டர்ஸ்நாட்ச்’ முதலில் கேட்பது, நாயகன் காலையில் எந்தத் தானிய உணவை உண்ண வேண்டும் என்பதை. தேர்ந்தெடுக்கும் முறையைப் பழக்கிக் கொடுப்பதற்கு அது உதவும், மனத்தை அசைக்காது. 1967இல் மாண்ட்ரியால் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கியக் கூடத்தில் இயக்குநர் ராடூஸ் சின்சேரா காட்டிய ‘கினோஆட்டோமாட்’ படம் வேறு வகையாகத் தொடங்கியது. துண்டு மட்டும் கட்டிய கோலத்தில் அண்டை வீட்டுப் பெண் கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே நிற்கிறாள். நாயகன் நோவாக்கின் மனைவி வந்துவிடும் நேரம். அண்டை வீட்டுப் பெண்ணை உள்ளே விடலாமா? இங்கே இரு வழிகளிலும் ஓர் இழப்பு இருக்கிறது, அதைப் பார்ப்பவர் முன்கூட்டியே உணர்கிறார். உங்கள் திரைக்கதையிலும் பாத்திரமே தத்தளிக்கும் இடத்தில் மட்டும் கேளுங்கள். அவன் எப்படிப்பட்டவன், அவன் எதை இழக்கக்கூடும் என்பவை தெரியாத பார்வையாளரிடம் கேட்டால், அவர் காசு சுண்டிப் பார்ப்பதைப் போலவே பொத்தானை அழுத்துவார். அதற்காகவே முதல் பகுதியை மற்றவற்றைவிட நீளமாக எழுதுங்கள். குற்றவாளி யார், கடிதத்தில் என்ன இருந்தது போன்றவற்றை ஒருபோதும் பார்வையாளரின் தேர்வுக்கு விடாதீர்கள். அவர் அறியாததில்தான் கதையின் விறுவிறுப்பு இருக்கிறது.

தேர்ந்ததைத் திரும்பப் பெறும் வசதியைப் பற்றியும் ஒரு முடிவு எடுங்கள். ‘பேண்டர்ஸ்நாட்ச்’ சில வழிகளின் இறுதியில் பார்வையாளரைப் பின்னோக்கி அனுப்பி வேறொன்றைத் தேரச் சொல்கிறது. அந்தக் கதைக்கு அது பொருந்தலாம். குடும்பக் கதைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. சொன்ன சொல்லை மீட்க முடியாது என்ற உணர்வே அங்கு தேர்வுக்குக் கனம் தருகிறது.

தனியாகப் பார்ப்பவர்க்கா, கூட்டமாகப் பார்ப்பவர்க்கா என்பதையும் எழுதத் தொடங்குமுன் தீர்மானியுங்கள். நம் வீடுகளில் நான்கு பேர் சேர்ந்து பார்க்கும்போது ரிமோட் ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற மூவருக்கும் அது வழக்கமான படமே, அதுவும் அடிக்கடி தடைபடும் படம். கினோஆட்டோமாட் காட்சியில் ஒவ்வோர் இருக்கையிலும் சிவப்பு, பச்சைப் பொத்தான்கள் இருந்தன. படம் நின்றதும் நெறியாளர் மேடைக்கு வந்து வாக்குக் கேட்டார். தன் விருப்பம் வெல்லுமா என்று காத்திருப்பதே அங்கு பொழுதுபோக்கின் பாதியாக இருந்திருக்கும். கூட்டத்துக்காக எழுதுவோர், பத்து நொடிக்குள் முடிவெடுக்கச் சொல்லும் முறையைக் கைவிட்டு, விவாதம் நடக்கும் அளவுக்குப் படத்தை நிறுத்தி வையுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளைகளை வரைந்து பார்க்க ‘ட்வைன்’ என்னும் இலவச மென்பொருள் போதும். யூடியூபில் வெளியிட்டால், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் 5 முதல் 20 நொடி வரை ‘எண்ட் ஸ்கிரீன்’ வைத்து அடுத்த பகுதிகளுக்கு இணைப்புத் தரலாம். முடிவுப் பகுதிகளை முதலில் பதிவேற்றிவிட்டால், முந்தைய பகுதிகளில் இணைப்பு வைப்பது எளிது. குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் இவ்வசதி இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

படப்பிடிப்புக்கு முன், எழுதியதை நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பிரிவிலும் அவர் முகத்தைக் கவனியுங்கள். எந்த முடிவு பிடித்தது என்று கேட்காதீர்கள். எங்கே தயங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் சிலரிடமும் இப்படியே வாசித்து, ஒருவரும் தயங்காத தேர்வுகள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். ஐந்தில் இரண்டே எஞ்சினாலும், அந்த இரண்டை வைத்தே படம் எடுங்கள்.